பானெட்டைத் திறந்தால் நாலு பேர்

தெருவில் ஒரு ஆள் மயங்கி விழுந்தால்கூடப் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு காரின் பானெட் திறந்து கிடந்தால் போதும், எந்த ஆம்பளையாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. நடை தானாகத் தளரும், கழுத்து தானாக நீளும். "என்ன சார் பிரச்சனை?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. ரேடியேட்டர் எது, பேட்டரி எது என்று தெரியாதவன் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கேட்பான். நம்ப முடியாவிட்டால் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் செய்து பாருங்கள்.

பல்செட்டு சாருக்கு இது தெரிய வந்தது ஒரு எலியால்.

பல்செட்டு என்பது அவருடைய பெயர் இல்லை, தொழில். பல் டாக்டர்கள் ஆட்களின் வாயில் மெழுகை வைத்து அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு பின்கட்டு அறையில், மேஜை விளக்கைத் தாடைக்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டு, அந்த அச்சுக்குப் பல் கட்டிக் கொடுப்பார். காலம் முழுக்க இதே வேலை. ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லில் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களில் ஒருத்தர்கூட இவர் முகத்தைப் பார்த்ததில்லை. வாய்களோடு இத்தனை வருஷம் பழகிய மனிதருக்குப் பேச வராது என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் வராது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதோடு முடிந்தது. அடுத்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் குறை அவருடைய மனைவி இருந்தவரைக்கும் வெளியில் தெரியவில்லை. அந்த அம்மாள் மாடி பால்கனியில் துணி காயப் போடும்போதே தெருவில் போகிற நாலு பேரை வளைத்துப் பிடித்துவிடுவாள். "ஏங்க, அந்தப் பை கனமா இருக்கே, என்ன வாங்கினீங்க?" என்று ஆரம்பித்தால் ஆள் படியேறி வந்து காபி குடிக்காமல் போக மாட்டான். குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் அக்கா. இவர் அக்கா வீட்டுக்காரர். வருகிறவர்களுக்கு நாற்காலியை நகர்த்திப் போடுவார், எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். தனக்கும் இத்தனை சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

அவள் போன பிறகு கொஞ்ச நாள் வந்தார்கள். "சாப்பிட்டீங்களா சார்?" என்பார்கள். "சாப்பிட்டேன்" என்பார். அப்புறம்? அப்புறம் மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான். எத்தனை நேரம் ஒரு மனிதன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? ஒவ்வொருத்தராக நின்றுபோனார்கள். அவர்கள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. பிள்ளைகள் இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரு தம்பியும் கல்யாணப் பத்திரிகை அனுப்புவதோடு சரி.

மற்ற நாட்களை எப்படியோ ஓட்டிவிடுவார். கடைக்குப் போவார், நடக்கப் போவார், பாங்கில் தேவையில்லாமல் வரிசையில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைதான் கழுத்தைப் பிடிக்கும். எல்லா வீட்டிலிருந்தும் குக்கர் சத்தமும் சிரிப்பும் வரும். இவர் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் வரும்.

கார் கீழே தூணோரம் நிற்கும். எப்போதாவது இறங்கிப் போய், பேட்டரி செத்துப்போகாமலிருக்க ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு வருவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தபோது உள்ளே குடலைப் பிடுங்குகிற நாற்றம். பானெட்டைத் திறந்தால், என்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவில் எலி ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறது. பேப்பர் துணுக்கு, வெங்காயத் தோல், யார் வீட்டு மிதியடியிலிருந்தோ கடித்து வந்த நார். எலி மட்டும் காலி செய்துகொண்டு போயிருந்தது. வேலை வந்தால் பல்செட்டு சார் வேறு மனிதர். விறுவிறுவென்று மாடிக்குப் போய்த் தன் பழைய சாமான் பெட்டியோடு இறங்கி வந்தார்.

பேட்டரி வயரை முதலில் கழற்றினார். ஈரம் படக் கூடாத இடங்களுக்கெல்லாம், ஃபியூஸ் பெட்டிக்கும் காற்று இழுக்கும் வாய்க்கும், பிளாஸ்டிக் பை சுற்றி டேப் ஒட்டினார். பைப் வைத்துத் தண்ணீர் அடிக்கிற காட்டு வேலையெல்லாம் கிடையாது. சோப்பு நீரைக் குப்பியில் வைத்துப் பீய்ச்சி, அழுக்கு ஊறும்வரை காத்திருந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். பிரஷ் நுழையாத இடத்துக்குப் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் வளைந்த கம்பி. கடைசியில் மனைவியின் தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்து சூடான காற்று காட்டினார். ஏதோ பெரிய மனிதரின் கடைவாய்ப் பல்லைக் கவனிக்கிற மாதிரி கவனித்தார்.

முதலில் வந்தவர் பின்பக்க வீட்டு பஸ் டிரைவர். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எலியா?"

"ஆமா."

"வயரைக் கடிச்சிருக்கா பாருங்க. எங்க டிப்போவுல ஒரு எலி, சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு பஸ்ஸையே நிப்பாட்டிருச்சு..."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எலிக்கதை முடிவதற்குள் மருந்துக்கடைக்காரர் வந்தார், எலி மருந்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். மூன்றாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர் வந்து, எலி கடித்தால் இன்ஷூரன்ஸ் பணம் வருமா வராதா என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொன்னார். ஆளாளுக்கு ஒரு நாட்டாமை. பல்செட்டு சார் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே வரவில்லை என்பதுதான் விஷயம். கையில் வேலை இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு "ம்", "அப்படியா", "அட" என்று சொன்னால் போதுமாயிருந்தது. வெயில் ஏறி அவரவர் வீட்டிலிருந்து அவரவர் மனைவி கூப்பிடும்வரை நின்றார்கள். அன்று மத்தியானம் பல்செட்டு சார் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். சந்தோஷமாக இருந்தது, வேறென்ன.

அடுத்த ஞாயிறும் பானெட் திறந்தது. அதற்கடுத்த ஞாயிறும். ஒரு வாரம் ரப்பர் குழாய்கள், ஒரு வாரம் பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பு, ஒரு வாரம் பானெட்டின் அடிப்பக்கத் தகடு. வேலையைப் பங்கு பிரித்து நீட்டிக்கொண்டே போனார் மனிதர். மூன்று பேரும் வந்தார்கள், நின்றார்கள், அரசியலிலிருந்து மூட்டுவலிவரை அலசினார்கள். அதில் ஒரு இழவும் காரைப் பற்றியது இல்லை, ஆனால் சுற்றி நின்று பேச மேஜை அந்தக் கார்தான்.

அழுக்கு என்ன, அள்ள அள்ள வருமா? தீர்ந்துபோயிற்று. என்ஜின் பளபளவென்று ஆகிவிட்டது. "இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம் சார்" என்றார் இன்ஷூரன்ஸ்காரர், சொல்லிவிட்டு நடந்துகொண்டே போனார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னும் என்ன சார் துடைக்கிறீங்க, தேஞ்சு போயிரும்" என்று சிரித்தார். அவரும் நிற்கவில்லை. அடுத்த வாரம் பஸ் டிரைவர் தூரத்திலிருந்தே கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் பால் பாக்கெட்டோடு திரும்பிப் போனார். சுத்தமான என்ஜினில் என்ன யோசனை சொல்வது? பல்செட்டு சார் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் பானெட்டை மூடினார்.

அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் காஸ் சிலிண்டர் போட வந்தவனிடம் "வைப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தபோது குரல் கரகரத்து, யாரோ ஒருத்தர் குரல் மாதிரி வந்தது. அவருக்கே பயமாகப் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க யோசித்தார். அழுக்கு இருந்தால் எட்டிப் பார்ப்பார்கள், கோளாறு இருந்தால்தான் நிற்பார்கள். காரில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு என்ன செய்வது?

என்ன செய்தார் என்று சொன்னால் உங்களுக்கே சிரிப்பாக வரும். எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் யாரும் எழுந்திருக்கும் முன்னால் இறங்கிப் போய், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகிற அந்தக் குட்டி ஃபியூஸை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைவாய்ப் பல் அளவுகூட இருக்காது. பெட்டியை மூடினார். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். சாவியைத் திருகினார். செல்ஃப் கரகரவென்று சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு முறை திருகினார். அந்தச் சத்தம் சுவரில் மோதிக் குடியிருப்பு முழுக்கக் கேட்டது.

பஸ் டிரைவர் பால் பாக்கெட்டைக்கூட வாங்கப் போகவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வந்தார்.

"என்ன சார், மக்கர் பண்ணுதா?"

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"தள்ளுங்க, நான் பாக்கறேன்."

அந்த வார்த்தையைக் கேட்க வேண்டுமே! மருந்துக்கடைக்காரர் கடையைத் தாமதமாகத் திறந்தால் பரவாயில்லை என்று வந்துவிட்டார். இன்ஷூரன்ஸ்காரர் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு இறங்கி வந்தார். அப்படி ஒரு ஞாயிறு வாய்த்ததே இல்லை. மருந்துக்கடைக்காரர், "எங்கேயோ அடைப்பு சார், மனுஷ உடம்பு மாதிரிதான்" என்றார். "வயசாயிடுச்சு, வித்துட்டு வேற வாங்குங்க" என்றார் இன்ஷூரன்ஸ்காரர். "சும்மா இருங்கய்யா, வித்துட்டா நீர் வந்து வாங்கித் தருவீரா?" என்று பஸ் டிரைவர் அவரை வாரினார். பல்செட்டு சார் மாடிக்கு ஓடி நாலு தம்ளரில் டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் கையால் நாலு பேருக்கு டீ போட்டு எவ்வளவு காலமாயிற்று.

"ஃபியூஸ் பாத்தீங்களா சார்?" என்று பஸ் டிரைவர் நடுவில் கேட்கத்தான் செய்தார்.

"அதெல்லாம் பாத்துட்டேன்" என்றார் பல்செட்டு சார். பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் அத்தனை நாள் சுத்தம் செய்ததைப் பார்த்தவர்களுக்கு அதை நம்பாமலிருக்க என்ன காரணம்?

திருகித் திருகிக் கடைசியில் செல்ஃபும் முனகத் தொடங்கியது. "பேட்டரி இறங்கிருச்சு. அதான் விஷயம்" என்றார் பஸ் டிரைவர், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில். "என் பைக்குல இருந்து கரண்ட் குடுத்துப் பாப்போம். வயர் இருக்கா?"

பைக் பேட்டரியால் காரை இழுப்பதாவது. வேண்டாம் என்று சொல்லப் பல்செட்டு சார் வாயைத் திறந்தார், சத்தியமாகத் திறந்தார். அதற்குள் பஸ் டிரைவர் அவர் தோளில் கையை வைத்து, "நீங்க கவலைப்படாதீங்க சார். நான் இருக்கேன்ல" என்றார். அந்த மாதிரி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வயரை மாட்டினார்கள். சாவியைத் திருகியதும் பைக்கிலிருந்து பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கார் அப்படியே நின்றது. பைக்கின் விளக்கு அணைந்தது. பஸ் டிரைவர் பட்டனை அமுக்கிப் பார்த்தார், சத்தமே இல்லை. அது உதைத்து ஸ்டார்ட் செய்கிற வண்டியும் இல்லை.

"போச்சுடா" என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து பஸ் டிரைவரின் மகள் வந்தாள். தலை வாரி, தோளில் பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட்.

"அப்பா, கிளம்பலாமா?"

பஸ் டிரைவர் அவளைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார். வேலைக்கான பரீட்சை. வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும். மையம் ஊருக்கு வெளியே. நேரத்துக்குக் கேட்டை மூடிவிட்டால் கடவுளே வந்தாலும் திறக்க மாட்டார்கள். அந்தப் பெண் டியூஷன் எடுத்துக்கொண்டே இரவு பகலாக இதற்குப் படித்தது குடியிருப்புக்கே தெரியும். போன முறை ஒரு மார்க்கில் போனது.

"அய்யய்யோ. ஒரு நிமிஷம் இரும்மா" என்று அவர் போனை எடுத்து ஆட்டோக்காரனைக் கூப்பிட்டார். இன்னொருத்தனைக் கூப்பிட்டார். ஊரிலிருக்கிற ஆட்டோ எல்லாம் அதே பரீட்சைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தன. இன்ஷூரன்ஸ்காரரின் ஸ்கூட்டரை அவர் மனைவி எடுத்துப் போயிருந்தாள். மருந்துக்கடைக்காரரிடம் சைக்கிள்தான் இருந்தது.

"உங்களை யாருப்பா இப்ப காரை நோண்டச் சொன்னது?" என்றாள் அந்தப் பெண். கத்தவில்லை. கண் மட்டும் நிரம்பிவிட்டது.

பல்செட்டு சாருக்குச் சட்டைப்பை கனத்தது. தப்பிக்க வழி இல்லாமலில்லை. ஃபியூஸைக் கைக்குள் மறைத்து, குனிந்து, "அட, இதோ கீழே கழண்டு கிடக்கு பாருங்க" என்று ஒரு நாடகம் போட்டிருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வந்தது. ஆனால் நடிக்கிற சாமர்த்தியம் அவருக்கு ஏது? அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் எல்லார் கண்ணெதிரிலும் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஃபியூஸை எடுத்தார். பெட்டியைத் திறந்து அதன் இடத்தில் அழுத்தினார். பைக் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பானெட்டை மூடினார்.

"இப்ப ஸ்டார்ட் ஆகும். பேட்டரி வீக்கா இருக்கு. கொஞ்சம் தள்ளணும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த டீ தம்ளரைச் சுவரோரம் வைத்தார். மூன்று பேரும் காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்கள். கேட்டைத் தாண்டி இறக்கத்தில் வண்டி உருண்டது. கிளச்சை விட்டதும் ஒரு குலுக்கல் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. பெண் பின்னால் ஏறினாள், பஸ் டிரைவர் முன்னால் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கண்ணாடியில் மற்ற இரண்டு பேரும் ரோட்டில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. இன்ஷூரன்ஸ்காரர் ஏதோ கேட்டார், மருந்துக்கடைக்காரர் தோளைக் குலுக்கினார்.

வழி நெடுக அந்தப் பெண் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பஸ் டிரைவர் நேரே பார்த்தபடி, ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். பல்செட்டு சார் தன் ஆயுளில் அப்படி ஓட்டியதில்லை. மஞ்சள் விளக்கையெல்லாம் தாண்டினார். மையத்துக்கு முன்னால் நிறுத்தியதும் அவள் "தேங்க்ஸ் அங்கிள்" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். காவலாளி கேட்டில் கை வைத்துவிட்டான். அவள் அந்த இடுக்கில் நுழைந்தாள், பின்னாலேயே கேட் மூடியது.

பஸ் டிரைவர் மூச்சை விட்டார். பல்செட்டு சார் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

"சார்" என்றார் பஸ் டிரைவர். "அது உங்க பையில இருந்துச்சு."

"ஆமா."

"தெரிஞ்சேதான் எடுத்து வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"எதுக்கு சார்? எங்களை வெச்சு விளையாடினீங்களா? ரெண்டு மணி நேரம் முதுகு வளைஞ்சு நின்னேன். என் வண்டி போச்சு, அது கிடக்கட்டும். என் பொண்ணு இன்னிக்குத் தவற விட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் அவகிட்ட?"

"விளையாட்டில்ல." ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னார். "போன வாரம் நீங்க யாரும் நிக்கல."

பஸ் டிரைவருக்குப் புரியவில்லை. "எங்க நிக்கல?"

"காருகிட்ட. சுத்தமாயிடுச்சுன்னு எல்லாரும் போயிட்டீங்க. அதான்... ரிப்பேர்னா நிப்பீங்கன்னு."

புரிந்ததும் பஸ் டிரைவர் முகத்தில் இருந்த கோபம் போக இடம் தெரியாமல் நின்றது. கோபப்படுவதா, பாவப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பாவப்படுவது அவருக்குப் பழக்கமும் இல்லை.

"நல்லா இருக்கு சார் நீங்க பண்ணது" என்று முணுமுணுத்துக் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். "பரீட்சை முடிய மதியம் ஆயிடும். நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க பஸ் பிடிச்சு வந்துக்கறோம்."

"சரி" என்றார் பல்செட்டு சார்.

பஸ் டிரைவர் ஒரு காலைக் கீழே வைத்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பினார். "இதுக்குப் போயா சார் இந்தக் கூத்து? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? பின்னாடி வீடுதானே? கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டியதுதானே?"

பல்செட்டு சார் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினார்.

"கதவைத் தட்டிடுவேன்" என்றார். "நீங்க வந்து திறந்து, என்ன சார்னு கேப்பீங்க. நான் என்ன சொல்லணும்?"

பஸ் டிரைவர் சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ஜின் கோளாறு, பேட்டரிக் கோளாறு, எலித் தொல்லை என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்கிற மனிதர். இதற்கும் ஏதோ சொல்லத்தான் ஆரம்பித்தார். வாக்கியம் வரவில்லை. தன் வீட்டுக் கதவையும், கதவுக்கு வெளியே இந்த மனிதர் நிற்பதையும் நினைத்துப் பார்த்தார். "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் நாம் என்ன செய்திருப்போம் என்றும் நினைத்துப் பார்த்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டிருப்போம்.

மையத்துக்கு உள்ளே மணி அடித்தது. மற்ற பெற்றோர்கள் மர நிழல் பார்த்துப் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

பல்செட்டு சார் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்திக் காட்டக் கேட்கவில்லை அவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார், சொல்லிக் கொடுத்தால் அப்படியே சொல்லிவிடத் தயாராக இருந்தார்.

"தெரியல சார்" என்றார் பஸ் டிரைவர்.

கீழே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.